வண்டி மறந்த சாவி

பிரேக் டீச்சர் என்றால் அந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். ஓட்டிப் பழகுகிறவளுக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் இவளுக்கு ஒரு பிரேக் என்று அவள் காரில் இரண்டு உண்டு. வருடக்கணக்கான பழக்கம் காலை விட்டுப் போகுமா? வீட்டில் டிவி பார்க்கும்போதுகூட, திரையில் எவனாவது தறிகெட்டு ஓட்டினால் இவளுடைய வலது கால் தரையை ஓர் அழுத்து அழுத்தும். அச்சகத்தில் வேலை பார்க்கும் புருஷன் அதிகம் பேசாத மனுஷர். அதைப் பார்த்து மட்டும் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஸ்டியரிங்கைத் தொட்டாலே கை நடுங்குகிறவர்களை அவள் பாலத்தின் மேல் ஓட்டவைத்திருக்கிறாள். எதிரே லாரி வந்தாலும் அவள் குரல் ஏறாது. அப்பேர்ப்பட்டவளுக்கு ஒரே ஓர் ஆளிடம் மட்டும் வாய் திறக்காது. அது அவளுடைய அண்ணன்.

அப்பா போன பிறகு அவளைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டவன். அவள் படிக்கவேண்டுமென்று தன் படிப்பை நிறுத்திக்கொண்டவன். தங்கமான மனுஷன், தொல்லையே அதுதான்! கெட்டவனாக இருந்தால் என்றைக்கோ சண்டை போட்டிருக்கலாமே. டயர் கடை கல்லாவில் உட்கார்ந்து சேர்த்த காசில் அவள் கார் வாங்கிய அன்று, ஷோரூமில் இரண்டு சாவி கொடுத்தார்கள். அண்ணன் ஒன்றை இவள் கையில் வைத்துவிட்டு மற்றதைத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

"எதுக்கும் ஒண்ணு என்கிட்ட இருக்கட்டும்மா."

இருந்தது. அவனுக்கு எப்போது வண்டி தேவையோ அப்போது வெளியே வந்தது. சொல்லிவிட்டு எடுப்பானா? தங்கச்சி வண்டியை எடுக்க என்ன சொல்ல வேண்டிக் கிடக்கிறது! இவள் கீழே இறங்கி வந்தால் வண்டி நின்ற இடம் காலியாக இருக்கும். தெருமுனையில் பாடத்துக்கு வந்தவர்கள் வெயிலில் நின்றுகொண்டிருப்பார்கள். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒவ்வொருத்தியாக வேறு டிரைவிங் பள்ளிக்குப் போனாள். இன்னும் இரண்டு பேர் போனால் கடையை மூடிவிட்டுத் திரும்பவும் டயர் கடைக்குத்தான் போகவேண்டும். இன்றைக்குச் சாவியைக் கேட்டே தீருவது என்று போவாள். "அண்ணா..." என்று ஆரம்பிப்பாள். "என்னம்மா, சாப்பிட்டியா?" என்பான். அவ்வளவுதான், போன காரியம் அதோடு சரி.

அப்படி இருக்கும்போதுதான், அவளிடம் ஓட்டப் பழகிக்கொண்டிருந்த பல் டாக்டரம்மா ஒரு நாயைப் பார்த்தார்.

வண்டியில் ஏறுமுன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை ஒரு சுற்று சுற்றிவர வேண்டும் என்பது பிரேக் டீச்சரின் சட்டம். கால்வாய் ஓரத்து மைதானத்தில் டாக்டரம்மா பயபக்தியோடு சுற்றிக்கொண்டிருந்தார். பின்பக்கத்திலிருந்து ஒரு நாய் எட்டிப் பார்த்து ஒரே ஒரு தரம் குரைத்தது. ஊரார் பல்லையெல்லாம் கண்ணிமைக்காமல் பிடுங்குகிற அந்த அம்மாள் வீலென்று அலறி, கையில் இருந்ததை அதன்மேல் வீசினார். நாய் தலையைக் குனிந்துகொண்டது. வீசியது கால்வாயில் விழுந்தது.

"டீச்சர்... நான் வீசினது சாவியா?"

"பின்ன, பிஸ்கட்டா?"

அண்ணன் அந்த வாரம் வெளியூரில் இருந்தான். சாவியும் அவன் பையோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. சரி, பூட்டுச் சாவி கடைக்காரரைக் கூட்டிவந்தாள். அவர் கதவுப் பூட்டைத் துழாவிப் பார்த்து அச்சு அசலாக ஒரு சாவி வெட்டிக் கொடுத்தார். கதவு திறந்தது. எஞ்சின் உறுமியது. அப்பாடா என்று அவள் மூச்சு விடுவதற்குள் பொசுக்கென்று அணைந்தது. திரும்பத் திருகினாள், திரும்ப அணைந்தது. மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு விளக்கு கண்ணைக் கண்ணைச் சிமிட்டியது.

"நல்லாத்தானே வெட்டினேன்!" என்று கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "இதுக்கு கம்ப்யூட்டர் சாவிக்காரர்தாம்மா வரணும்."

மறுநாள் அவர் வந்தார். முதல் வேலையாக வண்டி யாருடையது என்று பேப்பரையும் அவள் முகத்தையும் ஒத்துப் பார்த்தார். பிறகு பெட்டியைத் திறந்து, அரிசி மணி அளவில் ஒரு கண்ணாடித் துண்டை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"சாவின்னா இதுதாம்மா. இரும்பு சும்மா பூட்டைத் திருப்பத்தான்."

"இதுவா? பேட்டரி எங்க?"

"கிடையாது. சாவித் துவாரத்தைச் சுத்தி ஒரு கம்பிச் சுருள் இருக்கு. சாவியை உள்ள விட்டதும் அதுலேர்ந்துதான் இதுக்கு உயிர் வரும். உடனே வண்டி ஒரு எண்ணைச் சொல்லும். இது கணக்குப் போட்டு பதில் சொல்லும். பதில் சரியா இருந்தாத்தான் எஞ்சின் ஓடும்."

"அந்தப் பதிலை யாராவது தெரிஞ்சுக்கிட்டா?"

"பிரயோஜனமில்ல. நேத்து கேட்ட கேள்வியை வண்டி இன்னைக்குக் கேட்காது. ஒவ்வொரு தடவையும் புதுசு."

அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. எத்தனை காலைகள்! கண்ணாடியைத் திருப்பு, பெல்ட்டைப் போடு என்று இவள் வழக்கமான பாட்டைப் பாடிக்கொண்டிருந்தபோதெல்லாம், கைக்கு அடியில் சத்தமே இல்லாமல் ஒரு கேள்வியும் பதிலும் நடந்து முடிந்திருக்கிறது. நீ யார் என்று வண்டி கேட்டிருக்கிறது. இவளுக்காக இதே மாதிரி ஓர் அரிசி மணி பதில் சொல்லியிருக்கிறது. அடேயப்பா! கையிலிருந்ததை மூச்சுக்காற்று பட்டுப் பறந்துவிடுமோ என்று விரலை மடக்கிப் பொத்திக்கொண்டாள்.

அவர் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு ஒயரைச் செருகினார். "வேற சாவி இருந்தா கொண்டாங்க. இந்த வண்டியில பழசையெல்லாம் அழிச்சுட்டுத்தான் புதுசா பதிய முடியும். இப்ப இங்க இல்லாத சாவியை வண்டி மறந்துடும்."

"மறந்துடும்னா?"

"கதவு திறக்கும். எஞ்சின் ஓடாது."

அவள் விரலை விரித்து, உள்ளங்கையிலிருந்த அரிசி மணியைப் பார்த்தாள்.

"வேற ஒண்ணு இருக்குன்னா சொல்லுங்கம்மா, அது வந்தப்புறம்கூட செய்யலாம்."

சைக்கிள் பார் உறுத்தாமலிருக்க அவன் துண்டை மடித்துப் போட்டது ஞாபகம் வந்தது. வெயிலில் நின்றுவிட்டுத் திரும்பிப் போனவர்களும் ஞாபகம் வந்தார்கள்.

"வேணாம்," என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "ரெண்டு சாவி போடுங்க. ரெண்டும் என்கிட்டதான் இருக்கும்."

வேலை முடிந்தபோது சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. இவ்வளவு வருடம் அவளால் வாய்விட்டுச் சொல்ல முடியாததை வண்டி சத்தமில்லாமல் கேட்டுக்கொண்டுவிட்டது. பயமும் பிரமிப்புமாக அவள் ஸ்டியரிங்கை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கினாள்.

ஊரிலிருந்து அண்ணன் வந்தான். பால்கனியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் அவன் கதவைத் திறந்து உட்காருவதைப் பார்த்தாள். எஞ்சின் உறுமி அணைந்தது. மறுபடி உறுமியது, மறுபடி அணைந்தது. ஈரத் துணியைக் கையில் பிடித்தபடியே இறங்கி வந்தாள்.

"வண்டி ரிப்பேர் போலம்மா. நான் ஒர்க்‌ஷாப்ல விட்டுடறேன்."

"வண்டி நல்லாத்தான் இருக்குண்ணா. உன் சாவிதான் அதுக்கு ஞாபகமில்ல. நான்தான் மறக்கவச்சேன்."

அவன் சாவியைப் பார்த்தான், தங்கச்சியைப் பார்த்தான். "நான் உன் அண்ணன்டி," என்றான். குரலில் கோபத்தைவிட அடி வாங்கின வலிதான் இருந்தது.

"அதை நான் மறக்கலையே." அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. "உனக்கு இல்லாத வண்டியாண்ணா? ஆனா எனக்காக அங்க வெயில்ல நிக்கிறாங்க. ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுன்னுதான் சொல்றேன்."

தெருமுனையில் டாக்டரம்மா குடையோடு நின்றுகொண்டிருந்தார். அண்ணன் அந்தப் பக்கம் பார்த்தான். பிறகு டிரைவர் சீட்டிலிருந்து இறங்கி, அவள் ஏறட்டும் என்று கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"சாயங்காலம்..." தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "சாயங்காலம் வண்டி கிடைக்குமாம்மா?"

அவளுக்கு நினைவு தெரிந்த நாளாக, அவன் அவளிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை.