மூன்றில் ஒன்று நன்றாயிருந்தது

வேலூர் ஆஸ்பத்திரியின் அந்தத் தாழ்வாரத்தில் கைக்குழந்தையோடு யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். குழந்தைக்காகக் காத்திருப்பவர்களின் இடம் அது. நானும் என் மனைவி சுமதியும் அங்கேதான் இருந்தோம். எங்களுக்கு ஒரு மகள், யாழினி, இரண்டாம் வகுப்பு. அவளும் இதே குழந்தைப்பேறு சிகிச்சையில் பிறந்தவள்தான். தம்பியோ தங்கையோ வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எங்களுக்கும் ஆசை.

பிள்ளைகளே, உங்கள் வீட்டிலும் அம்மா ஊசி போட்டுக்கொண்டு, பேசாமல் படுத்திருந்தால், உங்கள் மேல் கோபம் என்று நினைக்காதீர்கள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அம்மாவின் முட்டையையும் அப்பாவின் உயிரணுவையும் (கண்ணுக்குத் தெரியாத விதை மாதிரி) கண்ணாடித் தட்டில் சேர்த்துச் சில நாள் வளர்ப்பார்கள். அப்படி வளர்வதுதான் கரு. சுமதிக்கு முட்டைகள் குறைந்துவிட்டன, இதுதான் கடைசி முறை என்று டாக்டரம்மா முன்பே சொல்லியிருந்தார்.

அன்று திரையில் காட்டினார். நுரைக்குமிழி மாதிரி மூன்று.

"ஒண்ணு நல்லா வந்திருக்கு. ஒண்ணு சுமார். மூணாவது வளராம நின்னுடுச்சு."

நான் ஆம்பூர் தோல் கம்பெனியில் செலக்‌ஷன் மேசையில் நிற்பவன். தோலைப் புரட்டிப் பார்த்து முதல் செலக்‌ஷன், இரண்டாம் செலக்‌ஷன் என்று தரம் பிரிப்பது என் வேலை. கீறல் விழுந்த தோலையும் தேய்த்து, சாயம் பூசி, ஷூவின் உள்பக்கத்துக்காவது ஆக்கிவிடுவோம். அந்தப் பழக்கத்தில் கேட்டுவிட்டேன்.

"அந்தச் சுமாரானதுமேல கொஞ்சம் வேல செஞ்சா தேறிடாதா மேடம்?"

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இதுல நாங்க கை வைக்க முடியாதுங்க. அதுவாத்தான் வளரணும். உறைய வச்சாலும் தாங்காது. நல்லதுகூட தங்கும்னு உறுதியா சொல்ல முடியாது."

இரண்டும் தங்கிவிட்டால் சுமதிக்கு ஆபத்து என்று, நல்லதை மட்டும் அவள் கருப்பையில் வைத்தார்கள்.

வீட்டுக்கு வந்து, என் வேலையை உதாரணம் காட்டி யாழினிக்கு விளக்கினேன். அவள் யோசித்துவிட்டுக் கேட்டாள்.

"அப்ப நான் எந்த செலக்‌ஷன்ப்பா?"

படுத்திருந்த சுமதி எழுந்து உட்கார்ந்தாள்.

"யோவ், கொழந்தகிட்ட இன்னா பேச்சு பேசற நீ? கம்பெனிய கேட்டாண்டயே உட்டுட்டு வரமாட்டியா?"

பிறகு மகளை இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

"உன் தடவ ஒண்ணே ஒண்ணுதான்டி இருந்துச்சு. அதுவும் சுமார்னுதான் சொன்னாங்க. இப்ப பாரு, வாய் எவ்ளோ ஜாஸ்தி!"

மூவரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பில் நான் நம்பத் தொடங்கிவிட்டேன். சுமாரே இப்படி வந்திருந்தால், நல்லது வராமல் போகுமா?

இரண்டு வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். கரு தங்கவில்லை.

"நல்லதத்தானப்பா வச்சாங்க?" என்றாள் யாழினி.

ஆமாம் என்றேன். அதற்கு மேல் எனக்கும் தெரியவில்லை, டாக்டரம்மாவுக்கும் தெரியவில்லை. யார் செய்த தப்பும் இல்லை. உங்கள் வீட்டில் இப்படி நடந்தாலும், அதற்கு நீங்கள் காரணம் இல்லை.

சுமதியின் உடம்பில் ஊசி போட்ட இடங்களில் கன்றியிருந்த நீலம் மறைந்துவிட்டது. எல்லா வேலையும் செய்யலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனாலும் அவள் இன்னும் குடத்தை இடுப்பில் வைப்பதில்லை. பஸ் குலுங்கினால் கை தானாக வயிற்றுக்குப் போகிறது. நான் பார்க்காத மாதிரி திரும்பிக்கொள்கிறேன்.

யாரும் வாய்விட்டு எண்ணுவதில்லை. ஆனால் அது இருந்திருந்தால் இது எத்தனையாவது மாதம் என்று எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் தெரியும்.