வேலி தாண்டாத வீரன்

இது கட்டிவிட்ட கதை இல்லை. ஜவ்வாது மலையில் போன சித்திரையில் நடந்தது. நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ஆனால் கல்பனாவின் எதிரில் போய் மட்டும் "சும்மா அளக்காதே" என்று சொல்லிவிடாதீர்கள். அவள் பாவம்.

பொங்கல் முடிந்ததும் கல்பனாவும் புருஷன் அன்பரசனும் குடகுக்கு மிளகு பறிக்கப் போனார்கள். காட்டுக்கு நடுவே தனியாக நிற்கும் கொட்டாயைப் பூட்டிவிட்டுப் போவது வருஷா வருஷம் நடப்பதுதான். மகள் ரம்யா ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். லீவுக்குப் பிள்ளை வருவாளே என்று கல்பனா மட்டும் முன்னாடியே திரும்பினாள்.

பொழுது சாயும் நேரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்தால், வாசல் பலா மரத்தடியில் வீரன் கிடந்தான்.

நாய்தான். ஒடுகத்தூர் சந்தையில் அநாதையாகக் கத்திக்கொண்டிருந்த குட்டியை ரம்யா மடியில் கட்டிக்கொண்டு வந்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் அவனை 'அது' என்று சொன்னதில்லை. வண்டி கிளம்பினால் பின்னாலேயே ஓடுவான், அதுதான் அவனிடம் ஒரே தொல்லை. அதனால் குடகு கிளம்பும்போது மரத்தில் கட்டிவிடுவார்கள். வண்டி வளைவு திரும்பியதும் பக்கத்துக் கொட்டாய் கோவிந்தன் அவிழ்த்துவிடுவார். அப்புறம் நாலு வீட்டில் கஞ்சி குடித்து அவன்பாட்டுக்குச் சுற்றுவான்.

இந்த முறை யாரும் ஊற்றவில்லை போலிருக்கிறது. விலா எலும்பை எண்ணலாம். கழுத்தைச் சுற்றிப் புண். நகமெல்லாம் பிளந்திருந்தது.

"அடப்பாவி... இன்னாடா இப்படி ஆயிட்ட?"

வாலை ஆட்டினான். ஐயோ, அந்த நிலைமையிலும் ஆட்டினான். கல்பனா மூட்டையைக் கூட இறக்காமல் அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

பிள்ளை சனிக்கிழமை வருகிறாள். இவனை இந்தக் கோலத்தில் பார்த்தால் தாங்கமாட்டாள். அதற்குள் தேற்றிவிட வேண்டும். கல்பனாவுக்கு வேறு நினைப்பே இல்லை. சாமைக் கஞ்சியைக் குழையக் காய்ச்சினாள். மஞ்சளை வேப்பெண்ணெயில் குழைத்து, கழுத்துப் புண்ணிலும் நாலு பாதத்திலும் அப்பினாள்.

சட்டி காலியாகிவிடும். ஆனால் வயிறு ஒட்டியபடியே இருந்தது.

ஒருநாள் தூக்கி உள்ளே படுக்க வைக்கலாம் என்று பார்த்தாள். தூக்கினால்... கனமே இல்லை. காலி முறம்தான். வாசற்படிக்கு இரண்டு அடி முன்னால் அவன் திமிறிக் கீழே குதித்தான். உள்ளே வரவே மாட்டேன் என்றான். 'ரொம்ப நாள் வெளியிலேயே கிடந்து பழகிட்டான்' என்று நினைத்துக்கொண்டாள்.

வாசலைச் சாணம் போட்டு மெழுகினாள். ஈரத்தின் மேலேயே வீரன் நடந்து போனான்.

ஒரு கால் தடம் கூட விழவில்லை.

கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். இல்லை.

சாயங்கால பஸ் சத்தம் கேட்டால் எழுந்து ரோட்டைப் பார்த்து ஓடுவான். வேலிக்குக் கொஞ்சம் முன்னால்... சட்டென்று நிற்பான். யாரோ பின்னாலிருந்து சுண்டி இழுத்த மாதிரி கழுத்து மடங்கும். விழுவான். எழுவான். மறுபடி ஓடுவான்.

தினமும் அதே இடம். தினமும் அதே இழுப்பு.

"வாடா... யார்ரா உன்னப் புடிக்கிறது?"

முனகினான். அவ்வளவுதான்.

சனிக்கிழமை மத்தியானம் மங்கம்மாள் வந்தாள். அடுத்த ஊர்க்காரி. இவர்கள் காட்டுப் புளியை உலுக்கித் தருகிறவள்.

"யாருக்குடி மருந்து கொழைக்கிற?"

"நம்ம வீரனுக்குத்தான்க்கா. அதோ பாரு, எப்படிக் கெடக்குறான்னு."

மங்கம்மாள் மரத்தடியைப் பார்த்தாள். கல்பனாவைப் பார்த்தாள். மறுபடி மரத்தடியைப் பார்த்தாள்.

"அங்க இன்னாடி இருக்குது? சட்டிதான் இருக்குது."

வீரன் அங்கேதான் இருந்தான். வாலை ஆட்டிக்கொண்டு.

"நெஞ்சத் திடப்படுத்திக்கோடி. மாசியில புளி உலுக்க வந்தேன். இந்த மரத்துலதான் கட்டிக் கெடந்தான். உசுரு போயி எத்தினி நாளோ. சுத்தியும் வட்டமா மண்ணப் பிராண்டி வெச்சிருந்தான். கயிறு கழுத்துல இறுகிப்போய், அவுக்கவே முடியல. அறுத்து, அதோடவே வேலி ஓரம் பொதச்சேன்."

"கோவிந்தண்ணன் அவுத்து வுட்டாரே..."

சொல்லும்போதே கல்பனாவுக்கு வண்டி கிளம்பிய நாள் ஞாபகம் வந்தது. இந்த வருஷம் வண்டியில் ஒரு இடம் காலி என்று சொன்னதும், கோவிந்தனும் கடைசி நிமிஷத்தில் ஓடிவந்து ஏறிக்கொண்டார். அவிழ்த்துவிட்டுத்தான் ஏறினார் என்று இவர்கள் நினைத்தார்கள். தன்னையும் ஏற்றிக்கொண்டதால் வேறு யாரிடமோ சொல்லியிருப்பார்கள் என்று அவர் நினைத்தார். குடகு வரைக்கும் மூன்று பேரும் பேசிச் சிரித்துக்கொண்டே போனார்கள்.

மங்கம்மாள் துணைக்கு இருக்கிறேன் என்றாள். கல்பனா வேண்டாம் என்று அனுப்பிவிட்டாள்.

ஐந்து மணி. தூரத்தில் பஸ் சத்தம்.

வீரன் ஓடினான்.

நின்றான். கழுத்து மடங்கியது.

கல்பனா மரத்தடிக்குப் போய் மண்டியிட்டாள். மரத்தைச் சுற்றிக் கையால் துழாவினாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை...

விரலில் தட்டியது.

கயிறு.

சொரசொரவென்று... முடிச்சு.

முடிச்சுக்குள் நகத்தை விட்டு நெம்பினாள். நகம் பிய்ந்தது. விடவில்லை.

"மன்னிச்சுடுடா... போடா சாமி... போ."

அவிழ்ந்தது.

வீரன் ஒரு தடவை திரும்பிப் பார்த்தான். வேலியைத் தாண்டினான். போய்விட்டான்.

கொஞ்ச நேரத்தில் ரம்யா பையோடு மூச்சிரைக்க வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அம்மா! வீரன் ரோட்டுக்கே வந்துட்டாம்மா! மேல தாவித் தாவி நக்குறான்!"

"இப்ப... எங்கடி?"

"பஸ்ஸு கெளம்புச்சு. பின்னாலயே ஓடிட்டான். எவ்ளோ கூப்டேன் தெரியுமா? திரும்பவே இல்ல. வந்துடுவான் இல்லம்மா?"

கல்பனா பிள்ளையை இழுத்துக் கட்டிக்கொண்டாள். பிள்ளையின் சட்டையிலிருந்து வேப்பெண்ணெய் வாசனை குப்பென்று அடித்தது.

அந்தச் சட்டையைக் கல்பனா இன்னும் துவைக்கவில்லை. நானே என் கண்ணால் பார்த்தேன். ஈரச் சாணத்தில் பதியாத பாதம், சட்டையின் மார்பில் மஞ்சளாகப் பதிந்திருக்கிறது. இரண்டு தடம்.