மேற்கே போயிருக்க வேண்டிய சாலை

மாரீஸ்வரியின் கடையை இடித்தது நான்தான்.

இயந்திரத்தை ஓட்டியவன் வேறொருவன். ஆணையில் கையெழுத்திட்டவர்கள் வேறு சிலர். ஆனால் சாலையை அவள் அடுப்பங்கரையின் மேல் கொண்டுபோய் வைத்தது என் கை. தெரிந்தே வைத்தேன். வைத்த அன்று எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது... அதையும் நீங்கள் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

நான் மதுரையில் நகரமைப்புத் திட்டங்கள் வரையும் வேலையில் இருப்பவள். குமாரலிங்கபுரத்தில் ஜவுளிப் பூங்கா வரப்போகிறது என்ற பேச்சு எழுந்ததும், அருப்புக்கோட்டைக்கும் பெரியதாக ஒரு வணிக வளாகம் வேண்டும் என்று மேலே தீர்மானித்தார்கள். கீழே கடைகள், நடுவே அலுவலகங்கள், மேலே குடியிருப்புகள், சுற்றிலும் அகலமான சாலைகள். பந்தல்குடி போகும் வழியில், ஊர் முடிகிற இடத்தில். அந்தப் பக்கத்துப் பெண் என்பதால் திட்டத்தை என்னிடம் ஒப்படைத்தார்கள்.

அங்கேதான் மாரீஸ்வரி மெஸ் நடத்திக்கொண்டிருந்தாள். தூத்துக்குடி லாரிக்காரர்கள் வண்டியை ஓரங்கட்டிவிட்டு அவள் கையால் சாப்பிடாமல் போகமாட்டார்கள். என் பள்ளித்தோழி அவள்.

எனக்கு என்ன தீங்கு செய்தாள் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். எனக்குச் சோறு போட்டாள்!

என் அப்பா எங்களைக் கைவிட்டுப் போயிருந்த காலம். நண்பகலில் நான் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். மாரீஸ்வரி தன் தூக்குவாளியோடு வந்து பக்கத்தில் அமர்வாள். கேழ்வரகுக் களியோ, புளிச்சோறோ, பாதிக்கு மேல் எனக்குத்தான். ஒரு சொல் சொன்னதில்லை. நான் அவளை நேசித்தேன் என்றே நினைக்கிறேன்.

ஒருநாள் ஆசிரியை எங்களைப் பார்த்துவிட்டு வகுப்பில் காரணம் கேட்டார். மாரீஸ்வரி எழுந்து நின்று வெள்ளந்தியாகச் சொன்னாள்:

“ஸ்டெல்லா வீட்டுல அடுப்பே பத்தவைக்கல டீச்சர். பாவம். நாந்தான் சோறு போடுறேன்.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் மறந்திருப்பேனோ என்னவோ! எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுநாள் இன்னும் இருவர் எனக்கென்று சோறு கொண்டுவந்தார்கள்.

நான் அதையும் தின்றேன்.

இத்தனை வருடம் கழித்துத் திட்டத்தோடு போய் இறங்கியபோது ஓடிவந்து கட்டிக்கொண்டவளும் அவள்தான். ஊர் மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்தைக் கல்யாண மண்டபம் ஒன்றில் வைத்தோம். கூட்டம் கொதித்தது. நிலம் போய்விடும், வீடு போய்விடும் என்று ஆண்கள் எழுந்து கத்தினார்கள். நாற்காலி ஒன்று பறந்தது. அப்போது மாரீஸ்வரி மேடைக்கருகே வந்து நின்றாள்.

“எல்லாரும் செத்த சும்மா இருங்க. இவ யாரு தெரியுமா? சின்னதுல எங்க சோத்தத் தின்னு வளந்த புள்ள. இவளா நமக்குக் கெடுதல் செய்வா?”

கூட்டம் அடங்கியது. சிலர் புன்னகைத்தார்கள். என் மேலதிகாரி மேடையிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தார்... அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். பழைய வகுப்பறையில் பார்த்திருக்கிறேன்.

அவள் பேச்சால்தான் ஊர் சம்மதித்தது. அவள் பேச்சால்தான் அவள் கடையும் போயிற்று.

சாலை எந்த வழியாகப் போகவேண்டும் என்று அப்போது முடிவாகவில்லை. மேற்கே போகலாம், வெறும் சீமைக்கருவேலங்காடு, ஒரு வீடுகூட இல்லை. கிழக்கே போனால் மாரீஸ்வரியின் மெஸ்ஸும் அதையொட்டிய சில வீடுகளும் போகும். மேற்குதான் சரி என்று எவரும் சொல்வார்கள். நானும் முதலில் மேற்கேதான் வரைந்திருந்தேன்.

கூட்டம் முடிந்த மறுநாள் காலை அலுவலகத்தில் உட்கார்ந்து கோட்டைக் கிழக்கே நகர்த்தினேன். மேற்கில் கரிசல் ஆழம், மழைக்கு இளகும், சாலை நிற்காது என்று காரணம் எழுதினேன். பொய். யாரும் கேள்வி கேட்கவில்லை. நான் படித்தவள் அல்லவா!

அத்தோடு நின்றேனா? இல்லை. இதுதான் எனக்கே கூசும் இடம்.

அடுத்த வாரம் அவள் மெஸ்ஸுக்குப் போனேன். கோழிக்குழம்பு வைத்திருந்தாள். பக்கத்தில் நின்று பரிமாறிக்கொண்டே கேட்டாள்:

“ஏடி, வளாகம் வந்தா கூட்டம் கூடுமில்ல? ஓட்டைப் பிரிச்சுட்டு மேல ஒரு மாடி எடுக்கலாம்னு எங்க வீட்டுல அவுக சொல்றாக. கட்டலாமா? கடைக்கு ஒண்ணும் ஆயிறாதுல்ல?”

நான் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

“கட்டு,” என்றேன். “பெருசாவே கட்டு.”

இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

கட்டினார்கள். அவள் கணவர் தவசி பகலில் கொத்தனாரோடு நின்று கல் சுமந்தார். மாடிக்குப் பச்சை வண்ணம் அடித்தார்கள். வண்ணம் காய்வதற்குள் அறிவிப்பு வந்துவிட்டது.

இடித்த அன்று நான் போகத் தேவையே இல்லை. போனேன். காரை எதிர்ப்பக்கம் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். பச்சைச் சுவர் விழுந்தபோது தூசி சாலையை மறைத்தது. அந்தத் தூசிக்குள்ளிருந்து மாரீஸ்வரி என்னை நோக்கி நடந்துவந்தாள். அடிக்கத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். சத்தியமாக, அதற்காகக் காத்திருந்தேன்!

அவள் ஜன்னல் வழியே கைவிட்டு என் கண்ணைத் துடைத்தாள்.

“அழாதடி. மேல உள்ளவுக சொன்னா நீ என்ன செய்வ, பாவம்.”

நான் அழவில்லை. கண்ணில் தூசி விழுந்திருந்தது.

வீடிழந்தவர்களால் என்னை எதுவும் செய்யமுடியவில்லை, அவளைச் செய்தார்கள். “நீ சொல்லித்தான கைய தூக்குனோம்” என்று அவள் வீட்டு வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினார்களாம். இழவு வீட்டுக்குக்கூட அவளை அழைப்பதில்லை என்று கேள்விப்பட்டேன். தவசி திருப்பூருக்கு வேலைக்குப் போனார். பிறகு வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். பச்சை மாடி யாருடைய யோசனை என்பதில் தொடங்கிய சண்டை எங்கே முடிந்ததென்று எனக்குத் தெரியாது.

வளாகம்? தூண்களோடு நிற்கிறது. சாலை மட்டும் முழுசாக முடிந்தது.

சென்ற மாதம் காரியாபட்டி பேருந்து நிலையத்தில் அவளைக் கண்டேன். அங்கே ஒரு கல்யாண சமையல்காரரிடம் காய் நறுக்குகிறாளாம். இளைத்திருந்தாள். விலகிப் போய்விட நினைத்தேன். அதற்குள் பார்த்துவிட்டாள். நலம் விசாரித்தாள். அம்மாவைக் கேட்டாள். பிறகு, சாதாரணமாக,

“மேக்க ஒரு கோடு போட்டிருந்துச்சாமேடி? அளக்க வந்தவுகள்ல ஒருத்தர் சொன்னாரு. நீதான் மாத்துனியாம்.”

இதோ, சொல்லிவிடலாம். ஆமாம் என்ற ஒரு சொல் போதும்.

“எவன் சொன்னான்? அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல,” என்றேன்.

அவள் என்னை நெடுநேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் இரக்கம் இருக்கிறதா என்று தேடினேன். அத்தனை நாள் நான் வெறுத்த அந்த இரக்கத்தை, அன்று ஒரு பிச்சைக்காரியைப்போலத் தேடினேன். இல்லை.

“இல்லன்னா சரி.”

அருப்புக்கோட்டை பஸ் வந்து நின்றது. எங்கள் பக்கத்தில் யாரும், எவ்வளவு கோபமிருந்தாலும், பிரியும்போது ‘வாரேன்’ என்றுதான் சொல்வார்கள். அவள் பையை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“போறேன்,” என்றாள்.