லண்டனைத் தவிர்த்த பயணம்

எனக்கு எழுபது வயது தாண்டிவிட்டது. இரண்டு முழங்கால்களும் நன்றாகவே இருக்கின்றன. இதை முதலில் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் நான் சொன்ன பொய் முழங்காலைப் பற்றியது.

ஊரில் கணக்கு ரீச்சராக இருந்த என் அக்கா இப்போது லண்டனில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எனக்குத் தொலைபேசி எடுப்பார். அத்தானுக்கு மறதி நோய். பிள்ளைகள் கனடாவிலும் ஒஸ்ரேலியாவிலும் இருப்பதால் அவரை அக்கா தனியாகத்தான் பார்க்கிறார். அத்தானுக்கு முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர்கள் மறந்தன, பிறகு பிள்ளைகளின் பெயர்கள். ஏனோ என்னை மட்டும் மறக்கவில்லை. "சின்னவன் வந்திட்டானோ" என்று காலையும் மாலையும் கேட்பாராம். ஒருமுறை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று அக்கா ஒவ்வொரு கிழமையும் கேட்டார்.

நான் நோர்வேக்கு வந்ததே அத்தானால்தான். எண்பதுகளில் இங்குள்ள மக்கள் உயர்கல்லூரி ஒன்றில் எனக்கு இடம் எடுத்துத் தந்தவர் அவர். லண்டனில் இருந்துகொண்டே எல்லாவற்றையும் செய்தார். எதிலும் நறுக்குத் தெறித்தாற்போல் இருப்பார். தன் சட்டையைத் தானே அயன் செய்வார். என் ஆங்கில உச்சரிப்பைக் கலியாண வீட்டில் பத்துப் பேர் முன்னால் திருத்துவார். அப்படிப்பட்ட மனிதரை அவிழ்ந்த பொத்தானோடு பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அடுத்தது நான்தானோ என்ற பயமும் இருந்தது. சாவிக்கொத்தைத் தேடி வீடு முழுவதும் அலையும் நாட்கள் எனக்கும் தொடங்கியிருந்தன. முன்னறைக் கதிரையில் அவர் இருக்கும் கோலத்தில் என்னை நான் பார்த்துவிடுவேன் என்று நினைத்தேன்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை, முழங்கால் தேய்ந்துவிட்டது, விமானத்தில் கால் நீட்டாமல் இருக்கக் கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார் என்றேன். அக்கா உடனே நம்பினார். என்ன எண்ணெய் பூசலாம் என்று சொல்லத் தொடங்கினார்.

சில மாதங்களில் நண்பர்கள் பிரித்தானியப் பயணத்தைப் பற்றிப் பேச்செடுத்தார்கள். நாங்கள் நால்வர். நோர்வேயின் வடக்கே பாட்ஸ்பியோர்டில் மீன் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்து, ஒரே அறையில் படுத்து, ஒரே சட்டியில் சமைத்தவர்கள். பிறகு ஒருவர் ஒஸ்லோவில் பஸ் ஓட்டினார். ஒருவர் திராமனில் கடை போட்டார். ஒருவர் ஆஸ்பத்திரியில் வேலை செய்தார். நான் நகரசபையில் இருந்தேன். இப்போது நால்வரும் ஓய்வு பெற்றுவிட்டோம். மலை, ஏரி, கோட்டை, பழைய கற்கள் எல்லாம் பார்க்க வேண்டும், லண்டன் பக்கம் மட்டும் போகக் கூடாது என்று நான் ஒரே நிபந்தனை வைத்தேன். ஒருவரும் காரணம் கேட்கவில்லை. எல்லோருக்கும் லண்டனில் சொந்தக்காரர் இருந்தார்கள். ஒரு வீட்டுக்குப் போனால் மற்ற வீட்டுக்கும் போக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் சோறு, கறி, கலியாண வீடியோ. போகாவிட்டால், வந்தும் சொல்லாமல் போய்விட்டார்கள் என்று ஆயுள் முழுக்கக் கதை. ஆகவே வந்ததையே மறைப்பது என்று முடிவானது. திரும்பி வரும்வரை வட்ஸ்அப்பில் ஒரு படமும் போடக் கூடாது. ஆரும் தமிழர் கேட்டால் ஊரைச் சொல்லக் கூடாது. இந்த இரண்டாவது விதி நான் போட்டது.

"இது சுற்றுலாவோ, தலைமறைவு வாழ்க்கையோ?" என்று திராமன்காரர் கேட்டார்.

எடின்பரோவில் இறங்கி ஒரு வான் வாடகைக்கு எடுத்தோம். பஸ்காரர் ஓட்டினார். ஊரை விட்ட பிறகு முதன்முறையாக வீதியின் இடப்பக்கம் ஓட்டுவதில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். ஒவ்வொரு சுற்றுவட்டத்தையும் தேவையில்லாமல் இரண்டு தரம் சுற்றினார். ஆஸ்பத்திரிக்காரர் பின்னால் இருந்து கண்ணில் படும் செம்மறியாடுகளுக்கெல்லாம் விலை மதித்தார். நல்ல காலநிலை. நல்ல நண்பர்கள். அந்த நாட்களை என்னைத் தவிர எல்லோரும் அனுபவித்தார்கள்.

என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. எடின்பரோக் கோட்டையில் மற்றவர்கள் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க, நான் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தேன். ஏரிகளில் படகுப் பயணம் என்றால் படகு எப்போது கரை சேரும் என்றுதான் பார்த்தேன். "வாங்கோ, போவம்" என்பது என் வாயில் வந்துகொண்டே இருந்தது. விண்டமியர் ஏரிக்கரையில் ஒரு தமிழ்க் குடும்பம் மரத்தின் கீழ் துணி விரித்து இடியப்பமும் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. ஒரு அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு வானுக்குத் திரும்பி நடந்தேன். கள்வனைப் போல வேகமாக நடந்தேன், முழங்கால் ஒரு முறையும் முணுமுணுக்கவில்லை.

வேல்ஸில் மழை பிடித்துக்கொண்டது. மலைகளுக்கு நடுவே ஒரு பெற்றோல் நிலையத்தில் நின்றோம். பெற்றோல் அடிப்பது பஸ்காரரின் வேலை. நான் தேத்தண்ணீர் எடுக்க உள்ளே போனேன். கவுண்டருக்குப் பின்னால் நரைத்த மீசையோடு ஒரு தமிழர் இருந்தார். பிரித்தானியாவின் எந்த மூலையிலும் பெற்றோல் நிலையத்தில் நம்மவர் ஒருவர் இருப்பார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன்.

"அண்ணை தமிழோ? லண்டனோ?"

"இல்லை, நோர்வே."

"ஊரிலை எவடம்?"

இந்தக் கேள்விக்கு நம்மவர்கள் யோசித்துப் பதில் சொல்வதில்லை. ஊரின் பெயர் என் வாயிலிருந்து தானாக வந்தது. அவர் முகம் மலர்ந்தது. தானும் பக்கத்து ஊர், உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில்தான் படித்தேன், அங்கே ஒரு கணக்கு ரீச்சர் இருந்தா, அவ இல்லாவிட்டால் நான் எட்டாம் வகுப்போடு நின்றிருப்பேன், இப்போது லண்டனில் இருக்கிறா, பழைய மாணவர் ஒன்றுகூடலில் கண்டு கும்பிட்டேன் என்று சொல்லிக்கொண்டே போனார். பேசாமல் இருந்திருந்தால் தேத்தண்ணீரோடு வெளியே வந்திருப்பேன். ஆனால் ஒருவர் என் அக்காவை அப்படிப் புகழ்ந்ததைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"அவ என்ரை அக்கா" என்றேன்.

அவர் கவுண்டரைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தார். என் கையைப் பிடித்தார். வரிசையில் நின்ற வெள்ளைக்காரர்கள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் தோளில் கை போட்டுத் தன் போனில் ஒரு படம் எடுத்தார்.

"ரீச்சருக்கு இப்பவே அனுப்பிவிடுறன். தம்பியைக் கண்டனானெண்டு சொன்னால் எவ்வளவு சந்தோசப்படுவா."

அனுப்ப வேண்டாம் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். காரணம் கேட்பாரே என்று நினைத்தேன். சிரித்துவிட்டு வந்துவிட்டேன்.

வானுக்குள் ஏறியதும் நடந்ததைச் சொன்னேன். திராமன்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஊரைச் சொல்லாதையுங்கோ எண்டு எங்களுக்கு வகுப்பெடுத்தவர் ஆர், ஐசே?" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அப்போதுதான் நான் மற்றதையும் சொன்னேன்: அத்தானின் நோயையும், அவர் என்னைத் தேடுவதையும், முழங்காலையும்.

கொஞ்சத் தூரம் போனபின் பஸ்காரர் வானை ஓரமாக நிறுத்தினார்.

"மச்சான், நாளையிண்டைக்கு ஸ்ரோன்ஹென்ஞ். அங்கையிருந்து லண்டன் ரெண்டு மணித்தியாலம். நான் கொண்டுபோய் உன்னை வாசலிலை இறக்கிறன். நாங்கள் வெளியிலை நிக்கிறம்."

"இப்ப போனால் முழங்காலுக்கு என்ன சொல்லுறது?"

"சுகமாப் போச்செண்டு சொல்லு."

அவ்வளவு எளிது. அதைக்கூட என்னால் செய்ய முடியவில்லை. அக்கா தானாக எனக்குப் போன் எடுத்தால் போகிறேன், எடுக்காவிட்டால் அந்த மனிதர் படத்தை அனுப்பவில்லை என்று அர்த்தம் என்றேன். பஸ்காரர் வானை மறுபடி எடுத்தார். அதன் பிறகு அவர் என்னோடு அதிகம் கதைக்கவில்லை.

போனைக் கையிலேயே வைத்திருந்தேன். சாப்பிடும்போது மேசையில் முகம் மேலே தெரிய வைத்தேன். குளிக்கப் போகும்போது ஆஸ்பத்திரிக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனேன். அக்கா எடுக்கவில்லை. அன்று முழுவதும் எடுக்கவில்லை, அடுத்த நாளும் எடுக்கவில்லை. எடுக்கவில்லையே என்று நிம்மதி வரும், உடனே பயம் வரும். ஸ்ரோன்ஹென்ஞ்சில் மற்ற மூவரும் புல்லில் நின்று, இந்தக் கற்களை எப்படித் தூக்கியிருப்பார்கள் என்று வாதாடினார்கள். நான் கற்களைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். கிழக்கே போகும் பெருவீதி அங்கிருந்து தெரிந்தது. வாகனங்கள் லண்டனை நோக்கி வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

வேறு யாராவது என்றால் அங்கிருந்து லண்டன் ஹீத்ரோவுக்குப் போய் விமானம் ஏறுவார்கள். நாங்கள் என் நிபந்தனையால் மறுபடி வடக்கே ஓடி மஞ்செஸ்டரில் ஏறினோம்.

ஒஸ்லோ வந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வழக்கம்போல எடுத்தார். காலநிலையைக் கேட்டார். முழங்காலைக் கேட்டார். பரவாயில்லை என்றேன். குளிர் தொடங்கமுன் எண்ணெய் பூசிக்கொள் என்றார். ஆகவே படம் போகவில்லை என்று முடிவு செய்தேன். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பனி கொட்டத் தொடங்கிய பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். அக்கா என்னை வரச் சொல்லுவதை நிறுத்தியிருந்தார். எப்போது நிறுத்தினார் என்று யோசித்துப் பார்த்தேன். பயணத்துக்குப் பிறகு ஒரு முறைகூடக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானாகக் கேட்டேன்.

"அத்தான் என்னைக் கேக்கிறவரோ?"

"இல்லையடா. இப்ப ஒருத்தரையும் கேக்கிறேல்லை. நீ காலோடை கஷ்டப்பட்டு வர வேண்டாம்."

அந்தக் கிழமையே லண்டனுக்குப் பயணச்சீட்டு எடுத்தேன். பஸ்காரருக்கு மட்டும் சொன்னேன். விமான நிலைய ரயில் வரைக்கும் வந்து வழியனுப்பினார்.

அக்கா கதவைத் திறந்தபோது அவர் கண் என் காலுக்குப் போகவில்லை. முன்னறையில் அத்தான் இருந்தார். நன்றாகச் சவரம் செய்யப்பட்ட முகம், சுத்தமான உடுப்பு. நான் பயந்த எதுவும் அங்கே இல்லை. என்னைக் கண்டதும் எழுந்திருக்க முயன்று, முன்பின் தெரியாத ஒருவருக்குச் சொல்வதுபோல் ஆங்கிலத்தில் வரவேற்புச் சொன்னார். உச்சரிப்பு அப்படியே இருந்தது. நான் யார் என்று அவர் கேட்கவில்லை. பக்கத்தில் கொஞ்ச நேரம் இருந்தேன். இருக்க முடியாமல் எழுந்து குசினிக்குப் போனேன்.

அக்கா அத்தானுக்காகச் சோற்றையும் பருப்பையும் ஒரு கோப்பையில் கையால் குழைத்துக்கொண்டிருந்தார். நான் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, நான் கோடைக்கு இஞ்சை வந்தனான். எனக்கு முழங்காலிலை ஒண்டுமில்லை."

"தெரியும்" என்றார். கை நிற்கவில்லை. "அவன் அண்டைக்கே படம் அனுப்பினவன்."

"ஏன் ஒண்டும் கேக்கேல்லை?"

"சொல்லாமல் வந்து நிண்டு திகைக்க வைக்கப் போறாயெண்டு நினைச்சன். எடுத்துக் கேட்டால் உன்ரை ஆசை கெட்டுப்போமெண்டு எடுக்கேல்லை." ஒரு மிளகை எடுத்துப் புறம்பாக வைத்தார். "இவருக்குச் சொன்னனான், சின்னவன் வாறானெண்டு. அப்ப இவருக்கு விளங்கிச்சுது. தன்ரை நீலச் சேட்டைக் கேட்டு வாங்கிப் போட்டவர். சன்னலடியிலை இருந்தவர். பொழுதுபட்டும் எழும்பேல்லை. அடுத்த நாளும் அந்தச் சேட்டைக் கழட்ட விடேல்லை."

"பிறகு?"

"பிறகு மறந்திட்டார்."

அக்காவின் குரலில் கோபம் இருந்ததா என்று அன்றிலிருந்து பலமுறை நினைவில் கேட்டுப் பார்த்துவிட்டேன். இருந்ததாகத் தெரியவில்லை. இருந்திருந்தால் நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். மன்னிப்பாவது கேட்டிருப்பேன். அவர் கையைக் கழுவிவிட்டுக் கோப்பையை என் கையில் தந்தார்.

"நீ கொண்டுபோய்த் தீத்து."

முன்னறைக்குப் போய் அத்தானுக்கு முன்னால் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு கரண்டி எடுத்து நீட்டினேன். அவர் வாயைத் திறந்தார். யார் கை என்று பார்க்கவில்லை. முதல் வாய் உள்ளே போகமுன் அடுத்த கரண்டியை எடுத்துவிட்டேன். கோப்பையை எப்போது முடிப்பேன், எப்போது எழும்புவேன் என்றுதான் அந்த நேரத்திலும் என் உடம்பு நினைத்தது.

"ஆறுதலா" என்றார் அக்கா குசினியிலிருந்து. "அவர் விழுங்கட்டும்."

கரண்டியைக் கோப்பையில் வைத்துவிட்டுக் காத்திருந்தேன்.