கதிர்வீச்சு தர மறுத்த டாக்டர்

என் இரண்டு வயது மகளின் மூளையிலிருந்து கட்டியை எடுத்த பிறகு, கதிர்வீச்சு வேண்டாம், கீமோ மட்டும் கொடுக்கலாம் என்றார் சென்னை டாக்டரம்மா. கட்டி திரும்ப வராமலிருக்கக் கதிர்வீச்சு கொடுப்பார்கள் என்று கேள்விப்பட்டிருந்த எனக்கு ஆத்திரம் பொங்கியது.

"பிள்ளையார்பாளையத்துல தறி நெய்யிறவங்கதானேன்னு ஏமாத்திக்கினு இருக்கீங்களா?" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன்.

அவர் என் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "மூளை இன்னும் வளருதும்மா. இந்த வயசுல கதிர்வீச்சு கொடுத்தா அந்த வளர்ச்சியே கெட்டுடும்."

"கீமோல பொழைச்சுக்குவாளா?"

"தெரியலைம்மா. என்னால ஆனதெல்லாம் செய்யறேன்."

மூன்றாவது கீமோவில் குழந்தைக்கு வாயெல்லாம் புண். தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒரு காலையில், "அம்மா, வலிக்குது, தூக்கிக்கோ" என்றாள். அவள் முதன்முதலாக வார்த்தைகளைச் சேர்த்துப் பேசியது அதுதான். டாக்டர் எதைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது.

நாளை நான்காவது கீமோ. மகள் பிழைத்தால் டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டுவிட்டேன். அது தவறு. அவள் பிழைத்தாலும் பிழைக்காவிட்டாலும் அவர் செய்தது சரிதான். பிழைப்பாளா என்று தெரியாதபோதே, நாளைக்கே கேட்டுவிட வேண்டும்.