முழங்கால் தண்ணீரில் அத்தான்

எங்கள் வரவேற்பறைத் திரைச்சீலையில் அந்தக் காலம் எப்போதும் நாலைந்து தூண்டில் கொக்கிகள் குத்தியிருக்கும். பழைய தலையணைக்குள் இருந்து உருவிய இறகை என் மனைவியின் தையல் நூலால் சுற்றி, சின்ன இறால் போல அத்தான் செய்தவை. வீட்டுக்கு வந்த ஒருவரின் சால்வையில் ஒன்று கொழுவி, அதைக் கழற்ற அவர் சோபாவில் ஏறி நின்ற கூத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

அத்தான் என்றது என் மனைவியின் தமையனை. தீவுப் பகுதிக் கத்தோலிக்கர். ஊரில் இராணுவம் பிடித்துக்கொண்டு போய்ப் படாத பாடு படுத்தி விட்ட பிறகு, நோர்வேக்கு வந்து அகதியாகப் பதிந்து, பியோர்ண்டாலில் எங்கள் தொடர்மாடி வீட்டில் இருந்தார். முடிவுக்குக் காத்திருந்த நேரத்தில் ஊரில் சமாதானம் வந்தது. குறொன்லாண்டில் எங்கள் ஆட்களின் கடைகளில் முன்பின் தெரியாதவர்கள்கூடக் கைகொடுத்துக்கொண்டார்கள். அத்தானுக்கு அந்தச் சமாதானம்தான் எமனாக வந்தது. அங்கே சண்டை இல்லை, திரும்பிப் போகலாம் என்று அகதி விண்ணப்பத்தை மறுத்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்தோம். அதற்குப் பதில் வரும்வரை வேலை செய்யவும் அவருக்கு அனுமதி இல்லை. "இந்த நாட்டிலை என்னட்டை பேமிற் கேக்காதது கடல் ஒண்டுதான், தம்பி" என்பார். உண்மைதான். கடலில் தூண்டில் போட இங்கே யாருக்கும் அனுமதிச் சீட்டு வேண்டாம்.

ஊர்க் களப்பில் கொடுவா பிடித்தவருக்கு இங்கே ஓறெட் என்ற புள்ளி மீன் வாய்த்தது. பியோர்ண்டால் மேட்டிலிருந்து இறங்கிப் போனால், ஆறு வந்து கடலில் விழும் ஆழமில்லாத குடா ஒன்று இருக்கிறது. யாரோ கழித்துவிட்ட, மார்புவரை வரும் ரப்பர் உடுப்பை மாட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பார். நீண்ட நூலை முன்னும் பின்னும் வீசி, இறகுக் கொக்கியைத் தண்ணீரில் நோகாமல் வைப்பார். பனி கரையும் நாட்களில் கிடைப்பவை ஆற்றில் முட்டையிட்டுத் திரும்பிய எலும்பும் தோலுமான மீன்கள். "இதுகளும் என்னைப் போலைதான்" என்று கடலிலேயே விட்டுவிடுவார். கோடையில் மீன் கொழுக்கும், ஆனால் சூடேறிய கரையை விட்டு ஆழத்துக்குப் போய்விடும். இலை பழுக்கும் காலத்தில்தான் ஆறு ஏறுவதற்காகத் திரும்பவும் குடாவில் வந்து கூடும். அத்தான் அதற்காகக் காத்திருந்தார். காத்திருக்க வேறு ஏதாவது வேண்டுமே மனுசனுக்கு.

இலை பழுத்தது. மேல்முறையீடும் தள்ளுபடியானது. சட்டத்தரணி தொலைபேசியில் சொன்னதை நான்தான் அவருக்குத் தமிழில் சொன்னேன். அன்றிலிருந்து அத்தான் சோற்றுக் கோப்பையைத் தொடவில்லை. படிக்கட்டில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் குளியலறைக்குள் போய்ப் பூட்டிக்கொண்டார். "என்னைத் திருப்பி அவங்கட கையிலைதான் குடுக்கப் போறாங்கள். இன்னொருக்கா அதைத் தாங்க என்னட்டை உடம்பு இல்லை, தம்பி." ஒரு ஞாயிறு பின்னேரம் வற்புறுத்திக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் கரையில் ஒரு கல்லில் குந்தியிருந்தேன். நல்ல மீன் ஒன்று கொழுவி, நூல் விறைத்து நின்றது. அந்த நேரம் பார்த்து, சீருடைச் சட்டை போட்ட இருவர் மரங்களுக்கிடையிலிருந்து வந்து அத்தானை நோக்கிக் கையசைத்தார்கள். அவர் திரும்பிப் பார்த்தார். தூண்டில் கம்பைக் கைவிட்டார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஆழத்தை நோக்கி நடக்கத் தொடங்கினார். ஓடவில்லை, நடந்தார். தண்ணீர் இடுப்புக்கு வந்தது, மார்புக்கு வந்தது.

வந்தவர்களின் சட்டையில் எழுதியிருந்ததை வாசித்தேன். சிறிய மீன்களை யாரும் பிடித்து வைத்திருக்கிறார்களா என்று பார்த்துப் போகும் ஆட்கள். "அத்தான், இவங்கள் பொலிஸ் இல்லை. மீன் அளக்க வந்தவங்கள். திரும்பி வாங்கோ" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் கேட்டு அவர் திரும்பினார். அதற்குள் ரப்பர் உடுப்பு தண்ணீரால் நிரம்பிவிட்டது. கால் தவறித் தாழ்ந்தவரை, இருவரில் இளையவன் சப்பாத்தோடு பாய்ந்து இழுத்து வந்தான்.

கரையில் எழும்பி இருந்த அத்தான், இரண்டு மணிக்கட்டுகளையும் ஒட்டவைத்து, விலங்கு போடு என்று அவனிடம் நீட்டினார். அந்தப் பிள்ளைக்கு அது விளங்கவில்லை. குளிருகிறதாக்கும் என்று நினைத்து, அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கினான். அத்தான் அழுத அழுகையைப் பார்த்து அவனும் பயந்துபோனான்.

பனி விழத் தொடங்கியதும் வேறு ஆட்கள் வீட்டுக்கே வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போய் விமானத்தில் ஏற்றினார்கள். ஊரிலிருந்து கொஞ்சக் காலம் கிழமைக்கு ஒருமுறை கதைத்தார். பிறகு சமாதானம் முறிந்து சண்டை மூண்டது. ஒரு காலை சந்திக்குச் சாமான் வாங்கப் போனவர் வீடு திரும்பவில்லை. விசாரிக்காத இடம் இல்லை. உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பதுகூட இன்றுவரை எங்களுக்குத் தெரியாது.

என் மனைவி இதைப் பற்றி வாய் திறப்பதில்லை. போன கிழமை, தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு எனக்கு முன்னால் வந்து இருந்தாள்.

"அண்டைக்கு அண்ணாவை ஏன் கரைக்குக் கூப்பிட்டனீங்கள்?" என்று கேட்டாள். "கூப்பிடாமல் விட்டிருந்தால் இஞ்சை ஒரு குழியாவது இருந்திருக்கும். நான் போய் ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருப்பன்."