சிவப்பை விலக்கிய திரை

தா நியாம் நகராட்சியின் ஒலிபரப்பு அறையில், கன்லயாவின் மேசைமேல் சிவப்பு நிறத்தில் ஒரு பொருளும் இருந்ததில்லை. அவள் திங்கட்கிழமை பிறந்தவள். பிறந்த கிழமைக்கு ஒரு பகைநிறம் உண்டு என்பது ஊர் நம்பிக்கை; திங்களுக்கு அது சிவப்பு. முத்திரை மையை ஊதாவாக மாற்றிக்கொண்டாள். சிவப்பு அட்டைக் கோப்புகளுக்கு மஞ்சள் தாள் சுற்றினாள். புத்தாண்டுக்கு மேயர் அளித்த சிவப்புக் குடையை அன்றே காவலாளிக்குக் கொடுத்துவிட்டாள். அலுவலகத்தில் இதை எவரும் வியக்கவில்லை. வெள்ளிக்கிழமை பிறந்த கணக்கர், துக்க வீட்டுக்குக் கூடக் கறுப்புச் சட்டை அணியத் தயங்குபவர்.

கன்லயாவின் அச்சத்துக்கு மரபைத் தவிர வேறொரு காரணமும் இருந்தது. அவள் கணவன் பிடிவாதமாகச் சிவப்பு வண்டி வாங்கினான். அந்த மழைக்காலத்திலேயே வண்டி மலைவளைவில் உருண்டது. கணவன் இறந்தான், அவள் வளையாத இடக்கையோடு மீண்டாள்.

ஆற்றைக் கண்காணிப்பது அவள் பணி. அதற்கென்று கரைக்குப் போக வேண்டியதில்லை. ஆறு அவள் திரைக்கே வந்தது. மலையடியிலும், வயல்களின் நடுவிலும், பாலத்தருகிலும் நிற்கும் நீர்மட்டக் கருவிகளுக்குத் தனித்தனி இணையப் பக்கங்கள் உண்டு. மூன்றையும் உலாவியில் எப்போதும் திறந்தே வைத்திருப்பாள். உலாவியின் உச்சியில் வரிசையாக நிற்கும் தாவல்களில், பக்கத்துக்கு ஒரு சிறு வட்டம் தெரியும். நீர் அடங்கியிருந்தால் பச்சை, ஏறினால் மஞ்சள், எல்லை கடந்தால் சிவப்பு. வேறு எந்த வேலையில் ஆழ்ந்திருந்தாலும் ஓரக்கண் பார்வைக்கு அந்த வட்டம் போதும். அது சிவந்ததும் ஊரெங்கும் கம்பங்களில் கட்டிய ஒலிபெருக்கிகள் பேச வேண்டும்.

ஊரின் மிகப் பள்ளமான சந்தில் அவள் தங்கை பிரானம் வாழ்ந்தாள். பிரானத்தின் கணவர் மனூனுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை, உடலோ பெருத்தது. கீழ்த்தளத்தில் படுத்திருக்கும் அவரைச் செங்குத்தான மரப்படியில் மேலே ஏற்ற நால்வர் வேண்டும். அண்டை வீட்டு ஆடவர்தாம் அந்த நால்வர். சோளம் ஒடிக்கும் காலத்தில் அவர்கள் பகலெல்லாம் மேட்டு நிலத்தில் இருப்பார்கள். ஆகவே அக்காளின் குரல் முந்தி வந்தால் மனூன் பிழைப்பார், பிந்தினால் இல்லை. குடும்பத்தில் எல்லாரும் அறிந்திருந்த கணக்கு அது.

மழைக்காலத் தொடக்கத்தில் கருவிகளைச் சோதித்தபோது, மூன்று வட்டங்களும் ஒருசேரச் சிவந்து அவள் கண்ணெதிரே நின்றன. அன்று மாலையே அவள் அலுவலகப் படியில் சறுக்கி விழுந்தாள். மறுநாள், தாவல்களின் சின்னங்களை விரும்பியபடி மாற்றித்தரும் ஒரு சிறு நிரலைத் தேடி உலாவியில் சேர்த்துக்கொண்டாள். மலையடிக் கருவிக்குத் தவளை எமோஜி; வயல் கருவிக்குத் தாமரை; பாலத்துக்குத் தானே வரைந்த உறங்கும் பூனை. பின்னணியை இளமஞ்சளாக்கினாள். திரை குழந்தையின் தொட்டில்போல் இனிமையாயிற்று.

அலுவலகமே அவள் மேசையை மொய்த்தது. கணக்கர் தமக்கு ஒரு பொன்மீன் கேட்டுப் பெற்றார். கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் ஜிரயு பப்பாளிச் சாலட் கேட்டான்.

"பாத்தாலே பசிக்குதுக்கா. மதியத்துக்கு முன்னாடியே கடைக்கு ஓடிருவேன் போல."

"இப்ப மட்டும் ஓடாமலா இருக்க? உன் நாற்காலிதான் இங்க வேலை பாக்குது."

அவன் சிரித்தான். பிறகு அவள் திரையை உற்றுப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "அக்கா, இந்தத் தவளை நிறம் மாறாது. தெரியும்ல?"

"தெரியும்டா. பக்கத்தத் தொறந்தா உள்ள பெருசா காட்டும். மணிக்கு ஒரு தடவ தொறந்து பாத்துக்கிறேன்."

"மறந்துட்டா?"

"என் தங்கச்சி வீடு அங்க இருக்கு. நான் மறப்பேனா?"

அவள் மறக்கவுமில்லை. மழை பெய்த நாள்களில் எல்லாம் தவறாது திறந்து பார்த்தாள். வானம் வெளுத்திருந்த நாளில்தான் பழக்கம் நெகிழ்ந்தது.

புரட்டாசி வெயில் கூரைத் தகரத்தைப் பொரித்த ஒரு முற்பகல். முகில் என்று சொல்ல வானில் ஒரு திரியும் இல்லை. நாய்களுக்குத் தடுப்பூசி போடும் அறிவிப்பைக் கன்லயா தட்டச்சிட்டுக்கொண்டிருந்தாள். பிரானம் தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, ஆத்துல ஒரே குப்பையும் வேரும் மூங்கிலுமா வருது. தண்ணி சேறாக் கலங்கிருக்கு. மேல மழையா?"

கன்லயா விழியுயர்த்தினாள். தவளை சிரித்தது. தாமரை விரிந்திருந்தது. பூனை உறங்கியது.

"ஒண்ணும் இல்லடி. மேல எல்லாம் சும்மாதான் கெடக்கு."

"ஆளுங்க சோளத்துக்குக் கெளம்புறாங்க. இருக்கச் சொல்லட்டுமா?"

"எதுக்கு அவங்க கூலியக் கெடுக்குற? போகச் சொல்லு."

"நீ சொன்னாச் சரி. இவரு கோழி வறுவல் கேக்குறாரு. படுத்த படுக்கையில நாக்கு மட்டும் ஊரச் சுத்துது."

இருவரும் சிரித்தார்கள். கன்லயா மீண்டும் நாய்களிடம் திரும்பினாள்.

மலைமேல் விடியலிலிருந்தே மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதன் ஓசை ஊருக்கு எட்டாது, நிழலும் விழாது. காட்டைக் கழுவிக்கொண்டு இறங்கிய புனல் மலையடிக் கருவியை எப்போதோ கடந்திருந்தது. வயல் கருவியையும் கடந்தது.

நடைவழியில் ஜிரயுவின் காலடி விரைந்து வந்தது. மேலூர்த் தலைவர் அவனைத் தொலைபேசியில் எச்சரித்திருந்தார். அவன் குனிந்து, அவள் கைக்கு மேலாகச் சுட்டியைப் பற்றித் தவளையை அழுத்தினான். திரை முழுதும் சிவந்தது. தாமரையை அழுத்தினான். அதுவும் சிவப்பு. பூனையின் அடியில் மஞ்சள், அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நிறம் மாறிற்று.

ஒலிபரப்புக்கு முன் பாட்டொன்று இசைப்பது வழக்கம். கன்லயா அதைத் தவிர்த்தாள். "தண்ணி வருது," என்றாள் ஒலிவாங்கியில். "ஆத்தோரம் இருக்கிறவங்க மேட்டுக்குப் போங்க. பிரானம் வீட்டுக்குப் பக்கத்துல யாராச்சும் ஆம்பளைங்க இருந்தா, மனூனத் தூக்குங்க. பிரானம், ஆளுங்களத் திரும்பக் கூப்பிடு." அறிவிப்பில் தன் தங்கையின் பெயரை அவள் அதுவரை சொன்னதில்லை.

மேட்டு நிலத்தில் ஒலிபெருக்கி கிடையாது.

கைப்பேசியில் பிரானம் ஒருமுறை கிடைத்தாள். "வாசல்ல வந்துருச்சுக்கா. ஆளுங்க போயிட்டாங்க. நீதான போகச் சொன்ன." அதில் குற்றச்சாட்டு இல்லை; நடந்ததைச் சொன்னாள். பிறகு, வேறு யாரிடமோ பேசும் குரலில், "இருங்க, இருங்க, பிடிச்சுக்குங்க," என்றாள். தொடர்பு அறுந்தது.

ஒலிவாங்கியை ஜிரயுவிடம் தள்ளிவிட்டுக் கன்லயா ஓடினாள். எதிரே மக்கள் அரிசிப் பானைகளோடும் கோழிகளோடும் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகத்தையும் பார்த்தாள். தூக்கிவரும் கூட்டம் ஒன்றும் இல்லை. சந்தின் முனையில் தெரு முடிந்து ஆறு தொடங்கியிருந்தது. தண்ணீர் மார்பைத் தொட்டதும் அங்கிருந்தோர் அவளைப் பிடித்து நிறுத்தினார்கள்.

மேல்தளச் சன்னலில் பிரானம் நின்றிருந்தாள்.

"அவரு எங்கடி?"

பிரானம் குனிந்து கீழே பார்த்தாள். அவள் மார்போடு ஒரு தலையணையும் போர்வையும் அணைத்திருந்தாள். எளிதாகத் தூக்க முடிந்தவற்றை முதலில் மேலே கொண்டுவந்து, அவருக்குப் படுக்கை விரிக்க நினைத்திருக்கிறாள். கீழ்த்தளக் கதவின் மேற்சட்டம் வரை நீர் நிரம்பி, வெயிலில் மெல்ல அசைந்தது.